நான்தான் அண்ணன்

எங்கள் ஊர் குருணில் கடவுளுக்கு அடுத்தபடியாக எல்லாவற்றையும் செய்தவர் ஒரே ஒருவர்தான். அவரைக் கேட்டால் இந்த வரிசையே தவறு என்பார்.

ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘நான்தான் அண்ணன்’. எங்கள் முச்சந்திக்கு சிக்னல் விளக்கு வந்தது. “ஒய்பிகிட்ட சொன்னது நான்தான்” என்று சட்டமன்ற உறுப்பினரையே சாட்சிக்கு இழுத்தார். அந்த விளக்குக்காக மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவன் நான். அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் எந்த மேசையில் எது தூங்கும் என்று எனக்குத் தெரியும். அதையெல்லாம் நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

தொழிற்சாலையில் காதலித்து மணந்த ஒரு ஜோடியின் கல்யாணத்தில் மேடையேறி, “பேசி முடிச்சது நான்தான்” என்றார். பெண்ணின் அப்பா அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

சாவு வீட்டையும் விட்டுவைக்கவில்லை.

“கடைசியா அவரு பேசுனது என்கிட்டதான்” என்றார் ஒரு முறை, பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

இறந்தவரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “என்னாண்ணே, ஒரு வருசமா அவருக்குப் பேச்சே இல்லியே!”

“அதான் தங்கச்சி. வேற யாருகிட்டயும் பேச மாட்டேன்னுட்டாரு லா.”

சாதாரணத் தற்பெருமைக்கு ஒரு வரம்பு உண்டு. செய்த காரியம் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்துவிடும். இவர் பிறர் செய்ததையெல்லாம் தன் கணக்கில் எழுதிக்கொள்பவர். எப்படித் தீரும்?

போன ஆண்டு தோட்டத்து மாரியம்மன் திருவிழா. டிராக்டரில் தேரைக் கட்டிப் பெரிய ரோட்டைக் கடப்பதென்றால் போலீஸ் பெர்மிட் வேண்டும் என்று கோவில் தலைவரிடம் முன்கூட்டியே சொன்னேன். “அம்மா பாத்துக்குவா லா சார்” என்றார். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தேர் நடுரோட்டுக்கு வந்தது, இரண்டு பக்கமும் லாரிகள் நின்று ஹாரன் அடித்தன, போலீஸும் வந்துவிட்டது.

டிராக்டரை ஓட்டியவன் சிவா. பிழைப்புக்கு பேக்டரி பஸ் ஓட்டுபவன். போலீஸ் சார்ஜன் கையை நீட்டி அவனுடைய லைசென்ஸை வாங்கிக்கொண்டார். லைசென்ஸ் போனால் பஸ் போய்விடும். பஸ் போனால் வீட்டில் சோறு ஏது? அவன் மனைவி அர்ச்சனைத் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“சியாப்பா சுரோ?” என்று மலாயில் கேட்டார் சார்ஜன். யார் ஓட்டச் சொன்னது?

தலைவர் குனிந்து செருப்பைத் தேடினார். அவர் வெறுங்காலோடு வந்தவர். செயலாளர் தேருக்குப் பின்னால் போய்விட்டார். நாதஸ்வரம்கூட நின்றுவிட்டது.

அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல்: “சாயா லா, துவான்! நான்தான்!”

மனிதர் கோவில் கமிட்டியிலேயே இல்லை! விதிப்படி யார் சொன்னாலும் குற்றம் ஓட்டியவன் தலையில்தான். ஆனால் சார்ஜனுக்கும் ஓர் ஆள் கிடைத்தால் போதும் போலிருந்தது. லைசென்ஸை சிவாவிடம் திருப்பிக் கொடுத்து, தேரை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, இவரை ஜீப்பில் ஏற்றினார். இவரோ ஊர்வலமே தனக்காகத்தான் என்பதுபோல் கூட்டத்துக்குக் கையசைத்தபடி போனார்.

ஜாமீனுக்கு யார் போனது? தலைவரா? நான்தான் போனேன். எரிச்சலாக இருந்தது.

“உமக்கு இதுல என்னய்யா வேலை?” என்று கத்தினேன்.

“கேட்டாரு சார். ஒருத்தனும் வாயைத் தொறக்கல. சரி, சிவாவுக்கு லைசென் கெடச்சிச்சா?”

“கொடுத்துட்டாங்க.”

“தெரியும். வாங்கிக் குடுத்ததே நான்தான்.”

என் காது கேட்க அவர் சொன்னவற்றில் அது ஒன்றுதான் உண்மை. மறுத்துப் பேச வழியில்லாமல் போனதில் எனக்கு இன்னும் ஆத்திரம். இந்த ஆண்டு பெர்மிட் முறைப்படி வந்துவிட்டது. எடுத்தவன் நான். எடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிபவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் என் வீட்டுக் கேட் குலுங்குகிறது. “யாரு?” என்கிறேன். “நான்தான்” என்கிறது குரல். இந்த ஊரில் வேறு யார் சொன்னாலும் அது பதில் ஆகாது. வாய் திட்டிக்கொண்டிருக்கும்போதே கை சாவியை எடுத்துவிடுகிறது.