முப்பத்திரண்டு லிஃப்ட்

சனிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் செத்தாலும் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

காரணம் இருந்தது. மனைவி இரண்டாம் வகுப்பு டீச்சர். அவளுடைய பிள்ளைகள் எதையும் கையால் செய்துதான் படிப்பார்கள். அதற்கு வேண்டியதையெல்லாம் முதல் நாளே வெட்டி வைப்பது யார் கை? மெக்கானிக் கை. அட்டை ஆமை முப்பத்திரண்டு, கடிகார முள் அறுபத்து நான்கு. வாரத்தில் ஆறு நாள் லிஃப்ட் குழிகளில் இறங்கி ஏறும் மனிதனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் என்று ஒன்று உண்டு. அதில் ஒரு தூக்கம் உண்டு. அந்தத் தூக்கத்தைக் கண்ணால் பார்த்து மூன்று மாதமாகிறது.

எப்படி ஆரம்பிப்பது என்று அவர் தொண்டையைச் செருமியபோது டீச்சரே பெருமூச்சு விட்டாள்.

"திங்கக்கிழமை சிறப்பு விருந்தினரா வர வேண்டிய தீயணைப்புக்காரர் வரலையாம்ங்க."

"அட பாவமே."

"அவருக்கு என்னென்ன ஏற்பாடு பண்ணியிருந்தோம் தெரியுமா? வாசல்ல வரவேற்பு. நாற்காலி. டீ. ரெண்டு வார்த்தை பேசினாப் போதும். விருந்தாளியப் போய் கத்தரிக்கோலைத் தொட விடுவோமா?"

மெக்கானிக்கின் மூளையில் மணி அடித்தது.

"ஏன், நான் வந்தா ஆகாதா?"

"நீங்களா? உங்களுக்கு எதுக்குங்க சிரமம். நாளைக்கு வேற நிறைய வெட்ட வேண்டியிருக்கு."

"அதான் சொல்றேன். நான் விருந்தாளி. விருந்தாளி வெட்டக்கூடாது."

"சொன்னா கேக்கவா போறீங்க," என்று அவள் விட்டுக்கொடுத்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அவள் இத்தனை சுலபமாக எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. மனுஷனுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமோ? உறைக்கவில்லை.

ஞாயிறு மதியம் தலையணையைத் தட்டிப் போட்டார். டீச்சர் வந்து நின்றாள்.

"என்ன பேசப் போறீங்க?"

"லிஃப்ட் எப்படி ஏறுது, எப்படி இறங்குதுன்னு."

"வெறும் வாயாலயா?"

"பின்னே?"

"ஏழு வயசுப் பிள்ளைங்க. மூணு நிமிஷம் கேக்கும். நாலாவது நிமிஷம் உங்க மேலயே ஏறும். போன மாசம் பல் டாக்டர் வந்து வாயாலயேதான் பேசினார். பாதியில ஒருத்தி எழுந்து, 'இவர் எப்ப டீச்சர் போவார்?'னு கேட்டுட்டா."

மெக்கானிக் எழுந்து உட்கார்ந்தார். மானம் என்று ஒன்று இருக்கிறதே.

"ஆளுக்கொரு குட்டி லிஃப்ட் கையில குடுத்தா?"

"எனக்கென்ன தெரியும். விருந்தாளி நீங்க, உங்க இஷ்டம்."

சொல்லிவிட்டு, அவர் தட்டிப் போட்ட தலையணையில் அவள் தலை சாய்த்தாள்.

முப்பத்திரண்டு அட்டை லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு, உச்சியில் ஒரு கப்பி, நூலின் மறுமுனையில் கனத்துக்கு ஒரு இரும்பு நட்டு. ஆமைக்குக் கதவு கிடையாது என்ற அருமை அன்றுதான் அவருக்குப் புரிந்தது. சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது.

திங்கட்கிழமை வகுப்பு அமர்க்களப்பட்டது. நட்டு இறங்கினால் பெட்டி ஏறுகிறது என்று கண்டதும் ஒரே கூச்சல். ஒருவன் தன் ரப்பரை மூன்றாம் மாடிக்கு அனுப்பினான். "லிஃப்ட் மாமா, என்னோடது நடுவுல நின்னுடுச்சு," என்று ஒருத்தி கூப்பிட, மாமா முட்டிபோட்டுப் பழுது பார்த்தார். எப்போது போவார் என்று யாரும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. லிஃப்ட் ஓடும்போது மெக்கானிக்கை யார் நினைக்கிறார்கள்? நின்றால்தான் நினைப்பு, அதுவும் திட்டோடு.

வெளியே நாற்காலியும் டீயும் சொன்னபடியே வந்தன. கூடவே பக்கத்துப் பிரிவு டீச்சரும் வந்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அடுத்த திங்கள் எங்க பிரிவுக்கு வர்றீங்கன்னு உங்க வீட்டம்மா போன வாரமே சொல்லிட்டாங்க."

"போன வாரமா? நானே முந்தாநாள்தானே ஒத்துக்கிட்டேன். தீயணைப்புக்காரர் வரலைன்னு..."

"எந்தத் தீயணைப்புக்காரர்?"

மெக்கானிக் டீயைக் கீழே வைத்தார். வகுப்பு வாசலில் அவருடைய மனைவி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதில் மும்முரமாக இருந்தாள்.

"எங்க பிரிவுல முப்பத்தாறு பேர் சார்," என்றார் பக்கத்துப் பிரிவு டீச்சர்.