மூன்றாவது மாடி நேரலை

மனித குலம் எவ்வளவு முன்னேறிவிட்டது என்று அறிய விரும்புவோர் ராயப்பேட்டையில் எங்கள் மூன்றாவது மாடிக்கு வந்து பார்க்க வேண்டும். லிஃப்ட் கிடையாது, மெதுவாக வரவும்.

முன்பெல்லாம் நாங்கள் காட்டுமிராண்டிகளாக இருந்தோம். எதிர் மைதானத்தில் நடக்கும் கால்பந்தாட்டத்தைப் பால்கனியில் நின்று அப்படியே பார்த்துவிடுவோம். பாஸ்வேர்ட் இல்லை, விளம்பரம் இல்லை, ஒரு நாகரிகமும் இல்லை. மனமிரங்கிய 'கண்முன்' நேரலை நிறுவனத்தார், வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்து, எங்கள் பால்கனிக் கம்பியை ஒட்டிப் பிரம்மாண்டமான ஃபிளெக்ஸ் ஒன்றைக் கட்டினார்கள். 'மைதானம் இனி உங்கள் வீட்டுக்குள்!' என்று தெருவைப் பார்த்து எழுதியிருந்தது. எங்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

பக்கத்து வீட்டு வில்லியம் ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர். குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. அந்த வாரம் பார்த்துத்தான் அவர் மகள் டெல்பின் முதல் தடவையாக இறுதியாட்டத்தில் கோல்கீப்பராக நிற்கிறாள், அதே மைதானத்தில். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு போகலாமே என்றேன். நாலு பேர் தூக்குகிற பேச்சே வேண்டாம் என்று அவர் மனைவி கரோல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். ஆகவே வில்லியம் 'கண்முன்'னுக்குச் சந்தா கட்டினார். பணம் கண் இமைப்பதற்குள் போய்ச் சேர்ந்தது. அதில் மட்டும் 'லோடிங்' வட்டம் சுற்றவில்லை.

ஆட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்கு வந்தது. பால்கனியில் வில்லியத்தின் நாற்காலியருகே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த செல்போனில் தலைவலித் தைல விளம்பரம் வந்தது. பிறகு வட்டம் சுற்றியது. அதைப் பார்த்தபடியே கரோல் செபமாலையில் பாதி சொல்லி முடித்தார். ஃபிளெக்ஸுக்கு அந்தப் பக்கம் ஊரே கத்தியது.

"அது இன்னா சத்தம் துரை? புடிச்சாளா, உட்டுட்டாளா?" வில்லியம் மாவுக்கட்டோடு எழப் பார்த்தார்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். ஒரு பெண் மிகப் பொறுமையாக விளக்கினாள்: "நீங்க பாக்கறது நேரலைதான் சார். ஆட்டம்தான் கொஞ்சம் முன்னாடி போயிட்டிருக்கு."

தவறு ஆட்டத்தின் மேல் என்று தெரிந்ததும் எனக்கு மனம் லேசாயிற்று. அதற்குள் மைதானத்து மைக், கடைசி பெனால்டி என்று அறிவித்தது. இதையும் தடுத்துவிட்டால் கோப்பை டெல்பின் அணிக்கு.

"மீன் வெட்ற கத்திய எடு துரை," என்றார் வில்லியம்.

எடுத்தேன். கிழித்தேன். ஓட்டைக்கு நேரே அவரை நாற்காலியோடு தள்ளினேன். டெல்பின் இடப்பக்கம் பாய்ந்து பந்தை அணைத்துக்கொண்டு விழுந்தாள். முப்பது வருடம் பிள்ளைகளை விசிலாலேயே மிரட்டிய மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். நானும்தான். செல்போனில் தைலம் இரண்டாம் முறையாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் நிறுவனத்திலிருந்து பரத்வாஜ் என்ற அதிகாரி வந்தார். தெருவிலிருந்து பார்த்தால், ஃபிளெக்ஸில் சிரிக்கும் குடும்பத் தலைவருக்கு ஒரு பல் இல்லையாம். அவர் கோபப்படவில்லை. ஓட்டை வழியாக மைதானத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா தெளிவா தெரியுது சார்," என்றார். "ஆனா இவ்ளோ தெளிவு உங்க பிளான்ல கிடையாதே. பிரீமியத்துக்கு மாறிக்கணும்."

மாறிக்கொண்டோம். கிழித்ததற்கு அபராதமும் கட்டினோம். நியாயம்தான், கிழித்தது நான். மைதானத்தை மறைத்தது யார் என்று மட்டும் அந்த ரசீதில் போடவில்லை.