பைச்சித்தரும் இருபத்தேழாம் டோக்கனும்

தூத்துக்குடியில் உப்பு விற்றுப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. உப்பளத்துக்காரரிடமே ஒரு பிடி உப்பை முன்னூறு ரூபாய்க்கு விற்றுவிட்டு, அவரைக் கும்பிடவும் வைத்தவர் ஒருவர்தான். அவர் பெயர் பைச்சித்தர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பாளை ரோட்டுக் கல்யாண மண்டபத்தில் தரிசனம். காலை ஆறு மணிக்கே வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். வங்கி ஊழியர்கள், துறைமுகத்து ஆட்கள், கப்பல் ஏஜென்சி குமாஸ்தாக்கள், சாகுபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு கெமிஸ்ட். உப்பு என்றால் சோடியம் குளோரைடு என்று பரீட்சையில் எழுதிப் பட்டம் வாங்கியவர், அவரும்தான். எல்லார் முதுகிலும் ஒரு பை.

சித்தரின் தத்துவம் எளிமையானது. ஆபீஸ் போகிறவன் முதுகில் சுமக்கும் பைக்குள்தான் அவன் விதி கிடக்கிறது. சுருட்டி வைத்த சார்ஜர் வயர், ராகு. மடக்கிய குடை, மடங்கிப்போன யோகம். அடியில் நசுங்கிக் கிடக்கும் வாழைப்பழம், தட்டிப்போகும் கல்யாணம். பையைத் திறக்காமலேயே உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்வார். எதை எடுத்தெறிய வேண்டும் என்றும் சொல்வார். எறிந்த இடத்தில் வைக்கத்தான் அந்த முன்னூறு ரூபாய் உப்பு, வெல்வெட் சுருக்குப்பையில்.

துறைமுகச் சாலையில் ஒரு சரக்கு ஏஜென்சியில் விஜிலாவுக்குப் பதினெட்டு வருட வேலை. கண்டெய்னர் உள்ளே இருப்பதும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவள் பிழைப்பு. பைச்சித்தர் சங்கதி ஆபீசுக்குள் வந்தபோது அவள் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஆபீஸ் விடவில்லை. பாதிப் பேர் சார்ஜரை வீட்டில் வைத்துவிட்டு வர, மதியத்துக்குள் லேப்டாப்புகள் வரிசையாகச் செத்தன. மேலாளர் சிவபாலனுக்கு மூக்குக் கண்ணாடி ஆகாது என்று வாக்கு வந்தது. இரண்டு கண்ணாடி, இரண்டு தடையாம். மனிதர் கண்ணாடியில்லாமல் வந்து, கொழும்புக்குப் போக வேண்டிய சரக்குப் பத்திரத்தை விட்டுவிட்டு பக்கத்திலிருந்த காலண்டரில் கையெழுத்துப் போட்டார்.

இதுவரைக்கும் சிரிப்புதான்.

ஒரு புதன்கிழமை துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. கடல் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு ஜன்னல் வழியாக வந்தது. அடுத்த மேசை இந்துமதிக்கு மூச்சு இரைக்கத் தொடங்கியது. சின்ன வயதிலிருந்தே இரைப்புள்ளவள். விஜிலா ஓடிப்போய் அவள் பையைக் கவிழ்த்தாள். சீப்பு விழுந்தது, டிபன் பாக்ஸ் விழுந்தது, வெல்வெட் பையிலிருந்து உப்பு கொட்டியது. இன்ஹேலர் இல்லை.

"ஏளா, மருந்து எங்கன?"

இந்துமதியால் பேச முடியவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. கணக்குப் பிரிவு கிளைட்டன் ஆட்டோவை நிறுத்த, இருவருமாக அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பத்து நிமிடம் தாமதித்திருந்தால் கதை வேறு என்றார் டாக்டர்.

முகமூடியில் மருந்துப் புகை ஏறி, மூச்சு சீரானதும் இந்துமதி சொன்னாள்: "இன்ஹேலரை அடைச்சு வச்ச காத்துன்னு சாமி சொன்னாவ யக்கா. டப்பாக்குள்ள காத்து அடைபட்டுக் கெடக்கதாலதான் என் பிரமோஷனும் அடைபட்டுக் கெடக்காம்."

"நீயும் தூக்கி எறிஞ்சிட்டியாக்கும்?"

"திறக்காமலே என் பையில இருந்ததெல்லாம் புட்டுப்புட்டு வச்சாவல்லா! பவுடர் டப்பா வரைக்கும். அது எப்படி யக்கா?"

விஜிலாவுக்குக் கோபம் வந்தது. சித்தர் மேல் பாதி, சிரித்துவிட்டுச் சும்மா இருந்த தன்மேல் பாதி. ஆனாலும் அவளைத் திட்டவில்லை. கேள்விதான் கேட்டாள்.

"பையோட நேரா அவருகிட்ட போனியா?"

"இல்லக்கா. முதல்ல உப்பு ரூம். டோக்கன் அட்டையைப் பையில கட்டி உள்ள வாங்கி வச்சிக்கிடுவாவ. அரை மணி நேரம் உப்பு மேல கெடந்து குளிரணும். பொறவுதான் நம்ம கைக்கு வரும்."

"குளிரும்போது கூட யாரு இருப்பா?"

"சுடலைக்கண்ணன்னு அவரு சிஷ்யன். கதவைச் சாத்திக்கிட்டு மந்திரம் சொல்லுவான்."

டாக்டர் புது இன்ஹேலர் எழுதித் தந்தார். வாங்கிய பிறகும் இந்துமதி அதைப் பையில் வைக்கத் தயங்கினாள். "உங்க டிராயர்ல இருக்கட்டும் யக்கா."

"ஒன் உசுரு என் டிராயர்ல எதுக்குட்டி கெடக்கணும்? ஞாயித்துக்கிழமை என்கூட வா. அவரு ஞானத்தைப் பாப்போம். பொய்யில்லைன்னா நானும் முன்னூறு ரூவாய்க்கு உப்பு வாங்குதேன்."

ஞாயிறு வந்தது. விஜிலாவும் கிளைட்டனும் புத்தாண்டுக்குக் கம்பெனி கொடுத்த கறுப்புப் பைகளோடு போனார்கள். இரண்டும் ஒரே அச்சு. விஜிலாவுக்கு டோக்கன் இருபத்தேழு, கிளைட்டனுக்கு இருபத்தெட்டு. சுடலைக்கண்ணன் அட்டைகளைக் கட்டிப் பைகளை உள்ளே கொண்டுபோனான். அரை மணி நேரம் மந்திரம் கேட்டது. நடுநடுவே ஜிப் இழுக்கும் சத்தமும் கேட்டது. பக்தர்கள் அதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

பைகள் திரும்பி வந்தன. கூட்டம் சித்தரின் தலைப்பாகையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், விஜிலாவும் கிளைட்டனும் இரண்டு அட்டைகளையும் அவிழ்த்து மாற்றிக் கட்டினார்கள். இப்போது கிளைட்டனின் பையில் இருபத்தேழு தொங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு விஜிலா மேடையேறினாள். முதல் வரிசையில் சிவபாலன், தன் பையை உப்பு ரூமில் குளிர விட்டுவிட்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இந்துமதி.

சித்தர் கண்ணை மூடினார். கையைப் பையின்மேல் சுழற்றினார்.

"சிவப்புக் குடை தெரியுது... மாசிக் கருவாட்டு ஊறுகாய் பாட்டில்... ஒரு ஜெபமாலை... கட்டாத கரண்டு பில்லு!"

மண்டபம் சிலிர்த்தது. ஒரு அம்மாள் குலவையிட்டாள்.

"சாமி, நல்லாத் தெரியுதா?" என்றாள் விஜிலா.

"ஞானக்கண்ணுக்கே சந்தேகமா தாயி? குடைதான் உனக்குப் பகை. எடுத்து எறி!"

"எறியலாம் சாமி. இருந்தால்லா எறியணும்?"

அவள் ஜிப்பை இழுத்துப் பையைக் கவிழ்த்தாள். ஒரு கிரிக்கெட் பந்து உருண்டோடியது. துவைக்காத இரண்டு காலுறைகள் விழுந்தன. அரைப் பாக்கெட் மக்ரூன் சிதறியது. குடையைக் காணோம்.

"சக்தி... சக்தி சில நேரம் இடம் மாறும்..." என்றார் சித்தர்.

கீழே கிளைட்டன் மற்றப் பையைத் திறந்து சிவப்புக் குடையை விரித்துத் தூக்கிக் காட்டினான். "இங்கன இருக்கு சாமி! ஊறுகாயும் இருக்கு, தொட்டுக்கிடுதியளா?"

விஜிலா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "நாங்க பையை மாத்தல. அட்டையைத்தான் மாத்தினோம். சாமி பையைப் பாக்கல, அட்டையிலுள்ள நம்பரைப் பாக்காவ. உள்ள இருக்கதை உப்பு ரூம்லயே எவனோ பாத்துட்டான்."

சித்தர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். அந்த ஆட்டத்தில் தலைப்பாகை சரிந்தது. காதிலிருந்து வெள்ளையாக ஏதோ கழன்று உப்புத் தட்டில் விழுந்தது. இந்துமதி எழுந்து போய் அதை எடுத்தாள். துப்பட்டாவில் துடைத்தாள். தன் காதில் வைத்தாள். கேட்டதை அப்படியே உரக்கச் சொன்னாள்:

"இருபத்தெட்டு. கிரிக்கெட் பந்து, அழுக்கு சாக்ஸ், மக்ரூன்... அண்ணே, அங்கன என்ன சத்தம்? சோறு திங்க விடுதியளா இல்லியா?"

கூட்டம் உப்பு ரூம் கதவைத் தள்ளியது. அறை நிறையப் பைகள் வாயைப் பிளந்து கிடந்தன. நடுவில் சுடலைக்கண்ணன், முன்னால் போனும் நோட்டும், மடியில் யாருடைய டிபன் பாக்ஸோ. சிவபாலன் கிட்டப்போய்க் குனிந்து பார்த்தார்.

"ஏலே! அது எங்க வீட்டு எலுமிச்சைச் சோறுல்லா!"

இந்த இடத்தில்தான் ஜனங்களுக்கு உண்மையான கோபம் வந்தது. மூளையைத் தின்றபோது கும்பிட்டவர்கள், சோற்றைத் தின்றதும் சட்டையைப் பிடித்தார்கள். போலீஸ் வந்து விசாரித்ததில், சித்தர் முன்பு பை ஜிப் தைக்கும் கடை வைத்திருந்தவர் என்று தெரிந்தது. அந்தத் தொழிலில் அவர் கெட்டிக்காரராம். பாவம், யோக்கியமாகப் பிழைத்திருக்கலாம்.

மண்டபத்து வாசலில் இந்துமதி விஜிலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் குனிந்திருந்தது. இந்தமுறை இரைப்பு இல்லை, வெட்கம். "செத்திருப்பேன்லக்கா," என்றாள். "நாளைக்கு முதல் வேலையா உங்க டிராயர்ல இருக்க அந்த மருந்தைக் குடுத்துருங்க."

ஒரு மாதம் போயிருக்கும். சிவபாலன் விஜிலாவின் மேசைப்பக்கம் வந்து, குரலைத் தணித்துக்கொண்டு நின்றார்.

"விஜிலா, நீங்க கோவப்படக்கூடாது. கோவில்பட்டில ஒருத்தர் வந்திருக்காராம். ஹெல்மெட்டைத் தொட்டே நமக்கு என்ன தோஷம்னு சொல்லுதாராம். இவரு நிஜமான ஆளுன்னு பேசிக்கிடுதாவ."

விஜிலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அதுக்கு எதுக்கு சார் கோவில்பட்டி வரைக்கும் போவணும்? நானே சொல்லுதேன். ஹெல்மெட்டுல ஒரு தோஷமும் இல்ல. அதுக்குள்ள இருக்கதை நீங்க ஒரு நாளாவது எடுத்து உபயோகிக்கணும், அம்புட்டுதான்."