லிஃப்ட்டுக்காரர் விலகி இருந்த நாள்

இனிமேல் பெண்டாட்டிக்குப் போன் பண்ணுவதில்லை என்று லிஃப்ட்டுக்காரர் சபதம் எடுத்தபோது கையில் போன் இருந்தது. அவளுக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார். சட்டென்று கட் பண்ணினார். அவ்வளவு தீவிரமான சபதம்!

ஊரில் உள்ள லிஃப்ட்டையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனுஷர். ஒரு கட்டடத்தில் ஏறினால் ஒரு போன், இறங்கினால் ஒரு போன். "சாப்ட்டியா?" "என்ன பண்றே?" "ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்ட்டேன்." வீட்டில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும் மனைவி, "ம்", "சாப்ட்டேன்", "வைக்கட்டுமா?" என்பாள். கல்யாணமான நாளாய் அவளாக ஒரு தடவைகூட 'எங்கே இருக்கீங்க?' என்று கேட்டதில்லை. நாம் இல்லாமல் போனால் இவளுக்குத் தெரியவாவது தெரியுமா என்று மனுஷருக்கு உள்ளூர ஒரே அரிப்பு.

அன்றைக்குப் பார்த்து அவள் தம்பி வந்திருந்தான். மனோதத்துவ வகுப்பில் சேர்ந்ததிலிருந்து கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிறவன்.

"பாசத்துல மூணு ரகம் இருக்கு மாமா. ஒட்டிக்கிறவங்க, ஒதுங்கிக்கிறவங்க, ரெண்டும் இல்லாம நிம்மதியா இருக்கறவங்க."

"நான் எந்த ரகம்?"

"நான் வந்து உட்கார்றதுக்குள்ள அக்கா எங்கேன்னு நாலு தடவை கேட்டுட்டீங்க. அவ பின்னாடி துணி காயப்போடறா."

"சரி, சரி. உங்கக்கா?"

"ஒதுங்கற ரகம். நீங்க துரத்தத் துரத்த ஓடுவா. ஒரு நாள் நீங்க ஒதுங்கிப் பாருங்க, பதறியடிச்சுக்கிட்டு தேடி வருவா."

பின்பக்கம் துணி காயப்போடுகிறவளுக்கே போன் அடித்துக்கொண்டிருந்த மனுஷர் அப்போது எடுத்ததுதான் அந்தச் சபதம்.

மறுநாள் லீவு போட்டார். விறைப்பாக, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பினார். ஆனால் தூரமாய்ப் போனால் அவள் பதறுவதை எப்படிப் பார்ப்பது? அதனால் மனைவியை விட்டு விலகுவது என்று முடிவெடுத்த மகானுபாவர் விலகிய தூரம் மூன்று மாடி. அவர்கள் குடியிருந்த அதே அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்தார். சாவிதான் அவரிடம் இருக்கிறதே.

மோட்டார் 'கர்ர்' என்று சுற்றும்போதெல்லாம், 'கிளம்பிட்டா, தேடக் கிளம்பிட்டா!' என்று ஜன்னல் வழியாகத் தெருவை எட்டிப் பார்ப்பார். பால்காரர் போவார். மதியம் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். பல்லாஸ்பத்திரியில் லிஃப்ட் கதவு மூடவில்லையாம். ஆத்திரத்தில், "கையால தள்ளுங்கய்யா!" என்று வைத்துவிட்டார். பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

சாயங்காலம் மோட்டார் பாதியில் நின்றது. அபாய மணி அலறியது.

சபதமாவது ஒன்றாவது! தொழில் புத்தி முந்திக்கொண்டது. இரும்புக் கயிறு இறங்குகிற ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினார்:

"பயப்படாதீங்க! கதவைத் தொடாதீங்க! மெக்கானிக் இங்கதான் இருக்கேன்! உள்ளே எத்தனை பேரு?"

"ஆளு ஒண்ணு," என்றது கீழேயிருந்து ஒரு குரல். "சாப்பாடு ரெண்டு பேருக்கு இருக்கு."

லிஃப்ட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. "நீயா? நீ எப்படி மாட்டிக்கிட்டே?"

"யாரு மாட்டிக்கிட்டா? நான் சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்தினேன். நீங்கதான் மாட்டிக்கிட்டீங்க. இருங்க, வரேன்."

வந்தாள். அங்கே கிடந்த பழைய மரப்பெட்டி மேல் சாப்பாட்டைப் பிரித்து வைத்தாள்.

"நான் இங்கே இருக்கேன்னு யார் சொன்னா?"

"வேலைக்குப் போற மனுஷன் டூல்ஸ் பையை விட்டுட்டு மோட்டார் ரூம் சாவியும் தலகாணியும் எடுத்துக்கிட்டுப் போனா, பின்னே எங்கே போவாராம்?"

அசடு வழிந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஏம்மா, உனக்கு என்னைத் தேடுச்சா இல்லையா? உண்மையைச் சொல்லு."

இடது கையை நீட்டினாள். விரலில் துணி சுற்றியிருந்தது.

"இன்னும் போன் வரலையேன்னு திரும்பிப் பார்த்தேன். ஊசி ஏறிடுச்சு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். "பலிச்சிடுச்சு! உன் தம்பி சொன்னது அப்படியே பலிச்சிடுச்சு! அவன் வாய்க்குச் சர்க்கரை போடணும்!"

"எனக்குப் போடுங்க. அவனுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினதே நான்தானே?"

வாயில் வைத்த கவளம் அங்கேயே நின்றது.

"ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை தைக்க ஒத்துக்கிட்டிருக்கேன். நிமிஷத்துக்கு நிமிஷம் 'சாப்ட்டியா, சாப்ட்டியா'ன்னா எப்படித் தைக்கறது? இன்னிக்குத்தான் ஒரே மூச்சில எல்லாத்தையும் அடிச்சு முடிச்சேன்."

"அப்ப… விரல்?" என்றார், துணி சுற்றிய விரலைப் பார்த்து.

"அது நிஜம்," என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். மனுஷருக்கு அது போதும். நெஞ்சு நிமிர்ந்து, முகமெல்லாம் பல்லாக எழுந்தார்.

"வா வா, வீட்டுக்குப் போவோம். இனிமே ஒரு நிமிஷம்கூட உன்னை விட்டு ஒதுங்க மாட்டேன்."

அவள் அவசரமாக அவர் தோளை அமுக்கி உட்கார வைத்தாள்.

"பட்டன் தைக்கறது பாக்கி இருக்குங்க. தலகாணி இங்கேயே இருக்கட்டும், நாளைக்கும் வந்துடுங்க."