எண்பத்தேழு வயதுச் சித்தி

படிக்காதவர்கள் ஒரு தப்புச் செய்தால் அது அந்த வீட்டோடு போய்விடும். படித்தவர்கள் செய்தால் அதற்குத் தலைப்பு இருக்கும், வரிசை எண் இருக்கும், நாலு நகலும் இருக்கும். நான் செய்த தப்புக்கு நாற்பது வரிசை எண்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்தேன். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை. நான் தேறிய அன்று அப்பா தன் பழைய மொபெட்டின் பின்தகட்டில் 'கவிதா பி.காம்.' என்று எழுதி வாங்கி வந்தார். (வண்டி அவருடையது. ஓட்டுவதும் அவர்தான். பெட்ரோலுக்கு மட்டும் என் பட்டம் உதவவில்லை.)

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மூன்று வருடம் முன்பு, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு நான் சும்மா இருந்த மார்கழியில், எங்கள் ஊராட்சித் தலைவரம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊராட்சி என்ன செய்கிறது என்று மக்களுக்குத் தெரிவதே இல்லையாம். மாதம் ஒரு பக்கம் எழுதி ரேஷன் கடைச் சுவரில் ஒட்டி, வாட்ஸப்பிலும் போட முடியுமா என்று கேட்டார். முடியுமாவா? அன்று மாலையே தலைப்பை மூன்று வண்ணத்தில் அடித்துவிட்டேன்: 'ஊராட்சிச் செய்திகள், குளிர்காலச் சிறப்பிதழ்.' (அதற்கு முன்னால் சாதாரண இதழ் எதுவும் வந்திருக்கவில்லை.)

செய்திகளுக்குக் குறைவில்லை. சித்தேரி மலையிலிருந்து இறங்குகிற பனி அந்த வருடம் காலை ஒன்பது மணிவரை ஊரைவிட்டுப் போகவில்லை. அதனால் குழாய்த் தண்ணீர் ஐந்து மணிக்குப் பதிலாக ஆறரைக்கு விடப்படும். தெருவிளக்கு அரைமணி முன்னதாக எரியும். காய்ச்சல் முகாம் வியாழக்கிழமை. கடைசியில் பெரிய எழுத்தில் ஒன்று. தருமபுரியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் ஊருக்கு நாற்பது கம்பளிப் போர்வை தருகிறார், ஊரிலேயே வயதில் மூத்த நாற்பது பேருக்கு அவை வழங்கப்படும்.

"அந்த நாப்பது பேரு யாருன்னு மெம்பருங்கள வெச்சிப் பேசி எழுதிக்கலாங் கவிதா. யாரு வூட்டுல பெருசு இருக்குதுன்னு நமக்குத் தெரியாதா?" என்றார் தலைவரம்மா.

"அது சரியா வராதுங்கம்மா. ஆளுக்கொரு பேரு சொல்லுவாங்க, சண்டைதான் வரும். எல்லாரோட ஆதார் நகலும் ஆபீஸ்ல இருக்குதுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்துனா அதுவே வயசு வாரியாப் பிரிச்சிக் குடுத்துரும்."

அந்த 'அதுவே'யை நான் உச்சரித்த தோரணையில் தலைவரம்மா அடுத்த கேள்வி கேட்கவில்லை.

மூன்று நாள் உட்கார்ந்து நகல்களைப் பார்த்துத் தட்டினேன். நகலில் எல்லோர் முகமும் கரி பூசின மாதிரிதான் இருந்தது. பெயரைப் பார்த்தும் ஆளைச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ராஜம்மாள் மட்டும் ஆறு பேர், அவர்களில் ஒருத்தரையும் ஊரார் அந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. ஒரே ஒரு சொடுக்கு. வயது வரிசை சரசரவென்று இறங்கி நின்றது. மேலிருந்து நாற்பதை வெட்டி எடுத்தேன். பட்டியலில் இருந்த பெயர்களில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன். பட்டியலில் இல்லாதவர்களை எப்படிச் சரிபார்ப்பது என்று கல்லூரியில் சொல்லித் தரவில்லை.

பட்டியலைச் சுவரில் ஒட்டச் சொன்னார் தலைவரம்மா. நான் மறுத்துவிட்டேன். மேடையில், மைக்கில், நானே முதன்முதலாகப் படிக்கவேண்டும் என்று ஆசை.

இதற்கு நடுவே ஒரு நாள் மாரப்பன் தாத்தா என்னை வழிமறித்தார். எங்கள் ஊரில் அவரைவிட மூத்தவர் கிடையாது. எண்பது இருக்கும். மலையடிவாரத்தில் ஆட்டுப்பட்டியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் தனியாகப் படுப்பவர்.

"போர்வ எனக்கு உண்டில்ல, கண்ணு? போன வருசத்துத ஆடு தின்னுப்புடுச்சி. சாக்கப் போத்திக்கிட்டுப் படுக்கறன். விடியறதுக்குள்ள பல்லு எல்லாம் தந்தியடிக்குது."

"பல்லு எங்க தாத்தா இருக்குது?"

"இருக்கற மூணுந்தான் அடிக்குது."

"வயசுல மூத்தவங்களுக்குத்தான் தாத்தா. உங்களுக்கு இல்லாமயா? மொதப் பேரே உங்களுதுதான்" என்றேன். பட்டியலைப் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

விழா நாளன்று ஊராட்சி அலுவலகத்தின் முன்னால் பந்தல். மேடையில் தலைவரம்மா, ஜவுளிக்கடை பாய், யூனியன் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி. பந்தலின் ஓரத்தில் ஊராட்சி சார்பில் நிலவேம்புக் கசாயம். அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றது என் சித்தி, அம்மாவின் தங்கை சின்னபாப்பா. நாற்பத்தாறு வயது. அன்று ஏகப்பட்ட கூட்டம் வருமென்று புதுப் புடவை கட்டி, கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தது. முன்வரிசையில் மாரப்பன் தாத்தா, தலையில் துண்டோடு, நடுங்கிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "நம் ஊரிலேயே வயதில் மிக மூத்தவர், எண்பத்தேழு வயது நிரம்பிய திருமதி ராஜம்மாள் அவர்களை மேடைக்கு அன்புடன் அழைக்கிறேன்."

யாரும் எழவில்லை. இரண்டாம் முறையும் அழைத்தேன். அப்புறம் என் கருணை பொங்கியது.

"அம்மா நடக்க முடியாத நிலையில் இருக்கலாம். அருகில் இருப்பவர்கள் தயவுசெய்து கைத்தாங்கலாக அழைத்து வரவும்."

அண்டாப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "ஏய் சின்னபாப்பா, உம்பேரு ராஜம்மா தானடி?"

சித்திக்கே அதை ஞாபகப்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. கரண்டியோடு மேடைக்கு வந்தது. எண்பத்தேழு வயது மூதாட்டிக்கு நாற்காலி போட எழுந்த அதிகாரி, அப்படியே நின்றுவிட்டார். நகலை வாங்கிப் பார்த்தார். கணவர் பெயர் சரி, கதவு எண் சரி.

"எண்பத்தேழா? யாருக்குடி எண்பத்தேழு?" என்றது சித்தி. மைக் என் கையில் இருந்தது. ஊர் முழுக்கக் கேட்டது. "எங்க மாமியாளுக்கே அறுவத்தெட்டுதாண்டி!"

அதிகாரி என்னைக் கேட்டார். "யாரும்மா இந்த வயச எழுதினது?"

"இவதான் சார்!" என்றது சித்தி.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் ஆதார் முகாம் நடந்தது. எழுதத் தெரிந்த பிள்ளை, கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று என்னை ஒரு மேசையில் உட்கார வைத்து, ஊரார் படிவங்களை எழுதச் சொன்னார்கள். பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஜனவரி ஒன்று போட்டேன். வயதை மட்டும் கேட்டேன். டீக்கடையில் டீ சொல்வதுபோல் ஆளுக்கொரு வயது சொன்னார்கள். முதியோர் உதவித்தொகைக்குக் கண் வைத்தவர்கள் பத்துப் பதினைந்து கூட்டிச் சொன்னார்கள். நூறு நாள் வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் குறைத்துச் சொன்னார்கள். காட்டு வேலையை விட்டுவிட்டு வெயிலில் வரிசையில் நின்ற கடுப்பில் இருந்த சித்தி, "எழுவத்தஞ்சுன்னு போடுடி, இங்கியே நின்னு நின்னு அவ்ளோ ஆயிப்போச்சி" என்றது.

போட்டேன். சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்று எங்கள் டீச்சர் சொல்லியிருந்தார். புகைப்படம் எடுத்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது. சித்திக்குப் படிக்கத் தெரியாது, அட்டையை அரிசி டப்பாவுக்குள் போட்டதோடு சரி. பன்னிரண்டு வருடம் கழித்து அதே எண்கள் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வரிசையாக இறங்கி வந்தபோது, எழுதின எனக்கே அவை உண்மையாகத் தெரிந்தன.

சித்தி போர்வையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றது. மீதி முப்பத்தொன்பது பெயர்களைப் படித்தாக வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் மாரப்பன் தாத்தா பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மேடைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மீசை கருகருவென்று இருந்தது. நாற்பதாவது ஆள் புல்லட்டில் வந்து, வண்டியை நிறுத்தாமலே போர்வையை வாங்கிக்கொண்டு போனார்.

"எம்பேரு வல்லியே, கண்ணு?" என்றார் தாத்தா.

அதிகாரி முழுப் பட்டியலையும் வாங்கிப் புரட்டினார். "மாரப்பன்... அம்பத்திரண்டுன்னு இருக்கே?"

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவெடுத்தேன். (அன்று நான் எடுத்த முடிவுகளிலேயே மோசமானது இதுதான்.) மைக்கிலேயே சொன்னேன். "சார், அது நான் சின்ன வயசுல தப்பா எழுதினது. தாத்தாவுக்கு எண்பது வயசு சார்."

தாத்தா துள்ளி எழுந்தார். "யாருக்கு எம்பது? அம்பத்திரண்டு! எனக்கு அம்பத்திரண்டு சார்!"

ஆதார் முகாமில் 'நாப்பது போடு' என்று அவர் என்னிடம் கெஞ்சியதும், வயதானால் நூறு நாள் வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள் என்று அவர் நம்பியதும் அந்த நொடியில்தான் என் மண்டையில் ஏறின. வேலை கொடுக்கிற ஆபீஸிலிருந்து வந்தவர் எதிரிலேயே நான் அவரைக் கிழவனாக்கிக்கொண்டிருந்தேன். தாத்தா பக்கத்திலிருந்த இரும்பு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். கால்கள் இரண்டும் வெடவெடவென்று ஆடின. அது பாரத்தாலா குளிராலா என்று தெரியவில்லை.

"பாருங்க சார்! எம்பது வயசுக்காரன் தூக்குவானா?"

"சரி சரி, எறக்குங்க ஐயா. அப்படின்னா உங்களுக்குப் போர்வை வராதுங்களே. இது மூத்தவங்களுக்கு."

"வேணாம் சார். இந்த வயசுல எதுக்கு?" என்றார் தாத்தா. மூன்று பல்லும் தந்தியடித்தன.

ஜவுளிக்கடை பாய் என்ன செய்வதென்று தெரியாமல் தலைவரம்மாவைப் பார்த்தார். தலைவரம்மா என்னைப் பார்த்தார். நான் என் பட்டியலைப் பார்த்தேன். அதில் விடை இல்லை.

சித்தி மேடை நடுவுக்கு வந்தது.

"சார், ரெக்கார்டுப்படி எனக்கு எண்பத்தேழுதானே?"

"ஆமாம்மா, ரெக்கார்டுல அப்படித்தான்..."

"இந்தப் போர்வ என்னுதுதானே? நான் யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாந்தானே?" கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியது. "டேய் மாரப்பா! இங்க வாடா!"

சித்தி பிறந்த அன்று மாரப்பன் தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள்.

"என்னடா பாக்கற? அக்கா குடுக்கறன், வாங்கிக்க. பனியில கெடக்கற பையன், ஒடம்புக்கு எதுனா வந்துட்டா யாரு பாக்கறது?"

தாத்தா அதிகாரியைப் பார்த்தார், போர்வையைப் பார்த்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். "சரிங்கக்கா" என்றார். அதோடு நிற்காமல் சடாரென்று காலில் விழுந்தார். பதறி ஓரடி பின்னால் போன சித்தி, அதிகாரி பார்ப்பதைக் கவனித்து, கரண்டிக் கையாலேயே தலையில் தொட்டு, "நல்லா இருடா" என்றது. கனகாம்பரம் ஒன்று உதிர்ந்து போர்வையில் விழுந்தது.

அதற்கப்புறம் நான் மைக்கில் சொன்ன நன்றியுரை ஒருவர் காதிலும் விழவில்லை. பாய் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அதிகாரி தலைவரம்மாவிடம் மெதுவாக, "கூடப் பொறந்தவங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க சார், ஒரே வயித்துப் பிள்ளைங்க" என்றார் தலைவரம்மா, முகம் மாறாமல்.

குளிர்காலச் சிறப்பிதழின் இரண்டாவது இதழ் வரவில்லை. வயது திருத்தப் படிவங்களை வீடு வீடாகப் போய் எழுதுவதற்கே எனக்கு நேரம் சரியாக இருந்தது. நூறு நாள் வேலைக்கு மேல்வயது வரம்பே கிடையாது என்று விதியைப் படித்துவிட்டு வந்து மாரப்பன் தாத்தாவிடமும் சொன்னேன். "நீ எழுதுனதுல பட்டது போதும், நீ படிச்சத வேற நம்பணுமா?" என்றார். அவர் வயது இன்னும் திருத்தப்படவில்லை.

அந்தத் தையில், பொங்கலன்று காலை, சித்தி வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் இரண்டு கரும்பு, கையில் மஞ்சள் கொத்து, துண்டில் அவரைக்காய் மூட்டை. மறு தோளில் போர்வையை மடித்துப் போட்டிருந்தார்.

"அக்கா, பொங்கச் சீரு கொண்டாந்திருக்கறன். பொறந்த வூட்டுல வேற யாரு இருக்கறா உனக்கு?" என்று தெருவே கேட்கக் குரல் கொடுத்தார்.

மூன்று வருடமாக அந்தச் சீர் தவறவில்லை. சித்தியும் தவறாமல் "ஏன்டா இவ்ளோ லேட்டு?" என்று அதட்டுகிறது. முறைப்படி பார்த்தால் அவர் எனக்குத் தாய்மாமன். போன பொங்கலுக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணத்துக்கு மாமன் சீர் செய்ய ஒரு கிடாய்க்குட்டியை இப்போதே ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"எப்ப மாமா செய்வீங்க?" என்றேன்.

"நீ நிதானமாப் பாத்துக் கட்டிக்க, கண்ணு. எனக்கென்ன அவசரம்? இப்பத்தான் அம்பத்தஞ்சு ஆவுது."