மரத்தைத் தொட்டுவிட்டு வருகிறவள்

எதிரணியைக் குழப்புகிற ஆட்டக்காரிகள் உலகத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். எதிரணி, சொந்த அணி, பயிற்சியாளர், நடுவர் என்று மைதானத்தில் உள்ள அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் குழப்பி, அந்தக் குழப்பத்தாலேயே நாட்டின் மகளிர் உதைபந்தாட்ட அணிக்குப் போனவள் எங்கள் ரிவர்ஸ் ஒருத்திதான். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போட்டில் இருக்கிறது. தோட்டத்தில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால், அப்படி யாரும் இங்கே இல்லை என்றுதான் சொல்வார்கள்.

ரம்புக்கனைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்தில், ஒரே லயத்தில், அந்த நீண்ட வரிசை வீட்டின் அடுத்தடுத்த காம்பராக்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அதில் ஒரு பக்கம் மட்டும்தான் கோல் இருந்தது. மறுபக்கம் ஒரு பலா மரம். மரத்துக்கு அந்தப் பக்கம் பள்ளம், பள்ளத்தின் அடியில் ஓயா, சின்ன ஆறு. கோல் கம்பம் நடுவதற்கு அங்கே நிலமே இல்லை. ஆகவே இரண்டு அணியும் ஒரே கோலுக்குத்தான் அடிக்கவேண்டும். அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். பந்தைப் பறித்தவர் உடனே அடிக்கக்கூடாது. பின்னால் ஓடி, பலா மரத்தைத் தொட்டுவிட்டு வந்துதான் அடிக்கவேண்டும். தொடாமல் அடித்த கோல் செல்லாது.

அந்த ஒற்றைக் கோலில் இரண்டு அணிக்கும் பொதுவான கீப்பர் நான். இரண்டு அணியும் எனக்குத்தான் அடித்தன, இரண்டு அணியும் என்னைத்தான் திட்டின. மற்றவர்கள் மரம்வரை ஓடித் திரும்புவதற்குள் மூச்சு வாங்கி நிற்பார்கள். ரிவர்ஸ் மட்டும் முன்னால் ஓடுவதைவிடப் பின்னால் வேகமாக ஓடுவாள். அவள் மரத்தைத் தொட்டுத் திரும்பும்போது மறிக்க வேண்டியவர்கள் எல்லாரும் எங்கெங்கோ சிதறிக் கிடப்பார்கள். பிறகு அவளும் நானும்தான். பத்து வருசம் அவள் அடித்ததை வயிற்றில் வாங்கியே நான் கீப்பர் ஆனேன்.

இரத்தினபுரியில் மாகாணத் தெரிவு நடந்தபோதுதான் முதன்முதலாக இரண்டு கோல் உள்ள மைதானத்தைக் கண்டோம். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மத்தது யாருக்குடி?" என்று கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. பந்து கிடைத்ததும் பழக்கப்படி பின்னால் ஓடினாள். மரத்தைக் காணவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். அசையாமல் நின்றுகொண்டிருந்தவர் நடுவர் ஒருவர்தான். ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டுவிட்டு வந்தாள். அந்த மனுசன் இரண்டு முறை பொறுத்துக்கொண்டார். மூன்றாம் முறை மஞ்சள் அட்டையைக் காட்டினார். அவள் அதை வாங்கிக்கொள்வதற்குக் கையை நீட்டினாள்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறவேண்டும் என்பது எங்களுக்குப் புதுச் செய்தி. நான் எதிர்ப்பக்கக் கோலில் போய் நின்றேன். நின்றதுதான் தாமதம், ரிவர்ஸ் என்னை நோக்கிப் பாய்ந்து வந்தாள். அவளும் நானும் ஒரே அணி என்பது அந்த நேரத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. முதல் அடியைப் பாய்ந்து பிடித்தேன், இரண்டாவதைத் தட்டிவிட்டேன், மூன்றாவது உள்ளே போய்விட்டது. ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். எங்கள் அணியில் மற்ற ஒன்பது பேரும் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏன்டி நம்ம கோலுக்கே அடிச்ச?" என்று கேட்டேன்.

"கோல்ல நீதானடி நின்ன?"

தெரிவுக்காரர்கள் வெகுநேரம் கூடிப் பேசினார்கள். கடைசியில் இரண்டு பேரையும் எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்பது இன்றுவரைக்கும் எனக்கு விளங்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவார்களோ என்று கேட்கவும் இல்லை.

கொழும்பு முகாமுக்குப் புறப்பட்ட அன்று ரம்புக்கனை ஸ்டேசனில் அவள் எதிர்த்திசையில் போகிற கண்டி ரயிலில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இழுத்து இறக்கினேன். முதலில் பின்னால் போய்விட்டுத்தானே திரும்பி வரும் என்றாள். ரயிலுக்கும் பலா மரம் உண்டென்று நினைத்துவிட்டாள் போலும்.

முகாமில் எங்களுக்குப் பயிற்சியாளர் ஒரு மிஸ். சிங்கள அம்மா, நல்லவர், ஆனால் கறார். ரிவர்ஸ் பந்தோடு பின்னால் ஓடுவதை முதல் நாள் பார்த்தவர், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஒயாட்ட பிஸ்ஸுத?" என்று கேட்டார். பைத்தியமா என்று. ரிவர்ஸ் சளைக்காமல் சிங்களத்திலேயே விளக்கம் கொடுத்தாள். அவளுடைய அம்மா இறப்பர் பால் வெட்டப் போகும்போது, மர வரிசை முழுக்க வெட்டிக்கொண்டே போய், திரும்பி வரும்போதுதான் பாலை எடுப்பாராம். போகும்போதே வாளியை நீட்டினால் என்ன கிடைக்கும் என்று கேட்டாள். மிஸ் என்னைப் பார்த்தார். நான் என் பூட்ஸைப் பார்த்தேன்.

வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் நெருங்கியது. முகாமில் இருப்பவர்களை இரண்டாகப் பிரித்து ஓர் ஆட்டம், அதைப் பார்த்துத்தான் முடிவு என்றார் மிஸ். இன்னொரு முறை பின்னால் ஓடினால் வீட்டுக்கு ரயில் ஏற்றிவிடுவேன் என்று ரிவர்ஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று முதல் அவள் நேராக ஓடப் பழகினாள். பார்க்கச் சகிக்கவில்லை. பந்து ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஹொஸ்டலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னாள்:

"நேரா ஓடினா இது என் காலுதானான்னே தெரியலடி. என்னைய அனுப்பிருவாங்க."

தெரிவு ஆட்டத்தில் நான் எதிரணிக் கோலில் நின்றேன். மிஸ்தான் நடுவர். அன்று எனக்கு நல்ல நாள், ஒரு பந்தையும் உள்ளே விடவில்லை. இன்னும் அரை மணித்தியாலம் இப்படியே நின்றால் விமானம் ஏறிவிடுவேன் என்பது எனக்கே தெரிந்தது. ரிவர்ஸ் நேராக வந்தாள், தடுக்கி விழுந்தாள். எழும்பி மறுபடி வந்தாள், மறுபடி விழுந்தாள். மூன்றாம் முறை விழுந்தவள் எழும்பாமல் கிடந்து, தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். அழவில்லை. திருவிழாவில் வழி தவறிய பிள்ளை மாதிரி பார்த்தாள்.

அடுத்த முறை பந்து அவள் காலுக்கு வந்தபோது, தோட்டத்தில் கத்துகிற மாதிரியே கத்தினேன்.

"மரத்தத் தொட்டுட்டு வாடி!"

அவ்வளவுதான். சட்டென்று திரும்பினாள். பின்னால் பறந்தாள். மிஸ்ஸின் தோளைத் தொட்டாள். மிஸ் விசில் ஊத மறந்துபோனார். அவளைத் துரத்தி வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அவளும் நானும்தான் மிச்சம். பத்து வருசமாக நடந்த அதே கதைதான். அன்று மூன்று கோல் வாங்கினேன்.

பெயர்கள் வாசிக்கப்பட்டபோது அவள் பெயர் இருந்தது. மிஸ் தன் தோளைத் தடவிக்கொண்டே அடுத்த பெயருக்குப் போனார். என் பெயர் இல்லை. பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ரம்புக்கனைவரைக்கும் ரயில் ஜன்னலோரம் அழுதுகொண்டுதான் வந்தேன். அவள்மேல் கோபமா, என்மேல் கோபமா என்றுகூடப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இப்போது மாவனல்லையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். அவளுடைய முதல் சர்வதேசப் போட்டியைக் கடையில் வைத்துத்தான் போனில் பார்த்தேன். முதலாளியும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ரிவர்ஸ் பந்தோடு எல்லாரையும் தாண்டிப் போனாள். முன்னால் எதிரணிக் கீப்பர் மட்டும்தான். அடிக்க வேண்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். கீப்பரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பின்னால் ஓட ஆரம்பித்தாள்.

"மகள், இந்தப் புள்ள எங்கட டீமா, அவங்கட டீமா?" என்று கேட்டார் முதலாளி.

எங்கட டீம்தான் முதலாளி என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் அவள் நடுவரைத் தொட்டாள், திரும்பினாள், நாலு பேரை அங்குமிங்கும் சிதறவைத்துவிட்டு வந்து கோல் அடித்தாள். நான் போட்ட சத்தத்தில் சேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சேலையைக் கீழே போட்டுவிட்டார்கள்.

அன்று பின்னேரம் அவளே போன் எடுத்தாள். ஏன்டி அந்தக் கீப்பருக்கு முன்னால் மரம் மாதிரி நின்றாய், கால் பிசகிவிட்டதா என்று கேட்டேன்.

"நிமிந்து பாத்தேன்டி. கோல்ல நீ இல்ல. யாரோ ஒரு புள்ள நிக்குது. எனக்கு ஒண்ணுமே விளங்கல."

"லீவுல வா," என்றேன். "நான் நிக்கிறேன்."