கடைசித் தேதி வரை கணக்கு

இந்த வருஷம் வருமான வரிக் கணக்கைக் கடைசித் தேதியன்றுதான் தாக்கல் செய்வது என்று முடிவெடுத்தேன். சோம்பல் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் ஆழ்ந்த யோசனை இருந்தது.

சமையலறைப் பரணைச் சுத்தம் செய்தே ஆகவேண்டும் என்று என் மனைவி அறிவித்திருந்தாள். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய தூசியெல்லாம் அங்கே குடித்தனம் செய்கிறது. ஏறினால் தும்மல். இறங்கினால் முதுகுவலி.

"பண்ணலாம்மா. முதல்ல வரிக்கணக்கை முடிக்கணுமே" என்றேன்.

"அதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"என்ன அப்படிக் கேட்டுட்டே? வரி வரியாப் படிக்கணும். ஒரு பூஜ்யம் தப்பினா வருமானத்துல இருக்கிற மானம் போயிடும்!"

"ஐயோ பாவம். அப்ப நிதானமா பண்ணுங்க."

தாக்குதலை எதிர்பார்த்தவனுக்குத் தாக்கலுக்கு அனுமதி! பரணுக்கு எதிராக எனக்கோர் அரண்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் காபி குடித்த கையோடு உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். மேஜைமேல் கம்ப்யூட்டர் திறந்திருக்கும். என் வாயும் திறந்திருக்கும். கண் மட்டும் மூடியிருக்கும். மகள் சத்தம் போட்டால், "ஷ்ஷ்! அப்பா கணக்குப் பார்க்கிறாரு" என்று மனைவி அடக்குவாள். மதியச் சாப்பாடு மேஜைக்கே வரும். கல்யாணமான நாளாய் இப்படியொரு மரியாதையைக் கண்டதில்லை. வரி போட்டவர்கள் நீடூழி வாழ்க என்று வாழ்த்திக்கொண்டே அடுத்த தூக்கத்துக்குப் போவேன்.

கெடுத்தவர் அடுத்த வீட்டுப் பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்கிறவர், ஒரு நாள் மாடிப்படியில் தன் வாயையும் திறந்தார்.

"உங்க வீட்டம்மா கெட்டிக்காரங்க சார். என் வரிக்கணக்கைப் பத்தே நிமிஷத்துல போட்டுக் கொடுத்துட்டாங்க. உங்களோடது முடிஞ்ச அன்னிக்கே!"

"என்னோடதா? முடிஞ்சுதா?"

"போன மாசமே சார். உங்களுக்குத் தெரியாதா?"

வீட்டுக்குள் ஓடினேன். மனைவி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

"என் கணக்கை நீ தாக்கல் பண்ணிட்டியா?"

"ஆமா. முதல் ஞாயித்துக்கிழமையே. நீங்க பேர் மட்டும் அடிச்சு வச்சிருந்தீங்க. அதுலயும் ஒரு எழுத்தைக் காணோம்."

"என் போனுக்கு ரகசிய எண் வந்திருக்குமே?"

"வந்துச்சு. நீங்க குறட்டை விட்டுக்கிட்டிருந்தீங்க. நானே பார்த்துப் போட்டுட்டேன்."

"அப்பவே என்னை எழுப்பறதுதானே?"

"எழுப்பினா பரண்ல ஏறிடுவீங்களே!"

"அதைத்தானே நீ கேட்டே?"

"கேட்டேன். அப்புறம்தான் யோசிச்சேன். நீங்க ஏறினா நான் ஏணியைப் பிடிக்கணும், டார்ச் அடிக்கணும், தண்ணி கொடுக்கணும், ராத்திரி முதுகுக்குத் தைலம் தேய்க்கணும். நீங்க தூங்கினப்போ நானும் பொண்ணுமா சிரிச்சுப் பேசிக்கிட்டே பரணைச் சுத்தம் பண்ணி முடிச்சுட்டோம்."

"அதுக்கப்புறம் வந்த ஞாயித்துக்கிழமையெல்லாம்?"

"அடடா, என்ன நிம்மதி! டிவி எங்க கையில. அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்து பார்க்க ஆள் இல்லை. இதை ஏன் இங்க வச்சேன்னு கேட்க ஆள் இல்லை."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இனிமே ஞாயித்துக்கிழமை முழுக்க உங்ககூடத்தான் உட்காரப்போறேன்!"

அவள் அசரவில்லை. பத்திரிகையை மடித்து வைத்தாள்.

"தாராளமா உட்காருங்க. ஆனா நாளைக்குக் கடைசித் தேதி. மாடி வீட்டு அக்கா, டாக்டரோட தம்பி, எங்க அண்ணன், இவங்க கணக்கெல்லாம் அப்படியே கிடக்கு. எங்க வீட்டுக்காரர் மாதிரி நிதானமா கணக்குப் பார்க்க ஆளே கிடையாதுன்னு பெருமையாச் சொல்லிட்டேன்."

பெருமை என்ற சொல்லில் நான் கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன். மனைவி வெளியில் நம்மைப் புகழ்கிறாள் என்றால் யாருக்குத்தான் ஆசையாக இருக்காது? மூன்று கணக்குதானே, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று நாற்காலியை இழுத்தேன்.

"அண்ணனோடதை முதல்ல பண்ணிடுங்க" என்றாள். "முடியற வரைக்கும் அவரு உங்க பக்கத்துலயே உட்கார்ந்து பார்ப்பாராம்."